மூன்றாவது கணினி

தார்த்து நகரின் கொதிகலன் நிலையத்தில்
இரவு வேலை எனக்கு.
அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.
அது பெரும்பாலும் அசையாது.
அசையாத நேரத்தில் பொதி கட்டுகிறேன்.

கழுதை சுமக்கும் பொதி அல்ல.
மின்னூல்களை அடுக்கிவைக்கும் மென்பொருள் ஒன்றை
லினக்ஸில் ஒரே கட்டளைக்கு இறங்கி உட்காரும்படி
மடித்து, முடிச்சிட்டு, எண் எழுதி, முத்திரை குத்தி
அனுப்பிவைக்கிற வேலை.
"கூலி இல்லாத மூட்டைக்கு ஏன் இத்தனை முக்கல்?"
என்பான் காலை ஷிப்டுக்கு வரும் உர்மாஸ்.

அந்த மென்பொருளுக்கு முப்பத்தெட்டு நூலகங்கள் வேண்டும்.
ஒன்றிலும் ஒரு புத்தகம் கிடையாது.
அட்டைப்படம் திறக்க ஒன்று, எழுத்துரு வரைய ஒன்று,
வாசிப்புக் கருவியைச் செருகியதும் கண்டுகொள்ள ஒன்று.
ஒன்று இன்னொன்றைச் சார்ந்து நிற்கும், அது வேறொன்றை.
நூல் பிடித்துக்கொண்டே இறங்கினால்
அடியில்
யாரோ பன்னிரண்டு வருடம் முன்பு எழுதி
விட்டுப்போன நானூறு வரிகள்,
உரிமக் குறிப்பு இல்லாமல்.

தேடிப் பிடித்துக் கடிதம் போட்டேன்.
அடெலினோ இப்போது போர்ட்டோவில் பல் மருத்துவர்.
"தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எதற்கு?"
தாராளம் உரிமம் ஆகாது என்று
மறுபடி எழுத வேண்டியிருந்தது.

இம்முறை முப்பத்திரண்டு பிட் கணினிகளுக்கான பொதி
கட்டும்போதே அவிழ்ந்தது.
பதினோராயிரம் சோதனைகளில் ஒரே ஒன்று:
தலையில் அலை போட்ட எங்கள் எஸ்தோனிய எழுத்து
கோப்பின் பெயரில் வந்தால் போதும்,
எல்லாம் சரிந்து விழும்.
மூன்று இரவு.
பட்டியலில் ஒரு வரியை நீக்கினால் தீர்ந்தது,
அந்தப் பழைய கணினிகளை எல்லோரும் கைகழுவியாயிற்று,
கேட்க நாதி இல்லை.

நீக்குமுன் கணக்கைப் பார்த்தேன்.
சம்மதித்த கணினிகள் வாரம் ஒருமுறை
ஊர் பேர் சொல்லாமல்
இருக்கிறேன் என்று மட்டும் சொல்லும் கணக்கு.
முப்பத்திரண்டு பிட்: மூன்று.
ஒன்று என் சோதனைக் கணினி.
ஒன்று என் சமையலறை லேப்டாப்,
விசைகளுக்கிடையில் கம்பு மாவு.
மூன்றாவது?

"தூக்கிப்போட மறந்த பெட்டியாக இருக்கும்,"
பனி ஒட்டிய பூட்ஸை உதறியபடி உர்மாஸ்,
"ஆளில்லாத அறையில் தானாக முனகிக்கொண்டிருக்கும்."

இருக்கலாம்.
அன்னெலின் பகுதியில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கும்
வெந்நீர் அனுப்புகிறோம், குழாய் வெடிக்காதிருக்க.
அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.
வாயைத் திறக்காமல் காபியை அவன் பக்கம் தள்ளினேன்.

நாலாம் இரவு பிழை அகப்பட்டது.
அந்த நானூறு வரிகளில்தான். முன்னூற்றுப் பன்னிரண்டாவது.
எட்டு பைட் இருக்கும் என்று நம்பிக் கால் வைத்த இடத்தில்
நாலுதான் இருந்தது.
ஒரு சொல்லை மாற்றினேன்.
அடெலினோவுக்கும் அனுப்பினேன்.
"சொத்தை என்னுடையதுதான்," என்று பதில்,
"அடைத்ததற்கு நன்றி."

காலை ஐந்து பத்துக்கு
பதினோராயிரமும் தேறின.
சாவியால் ஒப்பமிட்டு ஏற்றினேன்.

அடுத்த திங்கள் கணக்கு: இரண்டு.

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். அது சொல்லியிருந்தது.
சோதனைக் கணினியும் சொல்லியிருந்தது.
புதுக் கணினி வாங்கியிருக்கலாம்,
கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று குறித்திருக்கலாம்,
மின்சாரம் போயிருக்கலாம். வேறெதுவும்
இருக்கலாம்.
கேட்க முகவரி இல்லை. அப்படி வைத்ததே நாங்கள்தான்.

அடுத்த பதிப்பு மே மாதம்.
அந்த வரியை நான் தொடவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கையில்
முள் மயிரிழை இறங்கியது.
மணி மூன்றரை. யாரோ குளிக்கிறார்கள்.
எழுந்துபோய் வால்வைத் திருப்பினேன்.